பழைய நெல் அறுவடை இயந்திரம் வாங்குவது எப்படி? சேலம் மாவட்டச் சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தலைவாசல் வட்டாரத்தில் பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) வைத்து அறுவடைத் தொழில் செய்பவன் என்பதால், பழைய வண்டி வாங்க நினைக்கும் பலர் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். ஆத்தூர், கெங்கவல்லி, எடப்பாடி, சங்ககிரி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகளில் வரும் ரூபாய்த் தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; உங்கள் ஊர் வாடகையையும் நீங்கள் பேசிய விலையையும் அந்த இடத்தில் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆறு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கலாமா?

உங்கள் வயலுக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஆறு ஏக்கரில் இரண்டு போகம் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஏக்கர் அறுவடை. பெல்ட் வண்டிக்கு ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 15 மணி நேரம்தான் வரும். மணிக்கு 2,500 ரூபாய் வாடகை கொடுத்தாலும் ஆண்டுச் செலவு 37,500 ரூபாய். அதே நேரத்தில் 9 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வண்டி வாங்கினால், 12 சதவீத வட்டி மட்டுமே ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் ஆகிறது. வண்டியின் மதிப்பு குறைவதற்கு ஒரு லட்சம், பழுது பார்க்க ஒரு லட்சம் என்று சேர்த்தால், வண்டி வீட்டு வாசலில் நின்றாலும் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் செலவு உண்டு.

வாடகைக்கு ஓட்டி, டீசல், டிரைவர், உதவியாள், வேலை பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் கமிஷன் எல்லாம் போக மணிக்கு 1,000 ரூபாய் கையில் நிற்பதாகக் கொண்டால், அந்தச் செலவை ஈடுகட்டவே 300 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அந்த 300 மணி நேர வேலை எங்கிருந்து வரும் என்று ஊர் ஊராக, பெயர் பெயராகச் சொல்ல முடிந்தவர் மட்டும் அடுத்த கேள்விகளைப் படிக்கலாம். சொல்ல முடியாதவர் உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ வாடகை வண்டிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.

ஆனால் அறுவடை நேரத்தில் வாடகை வண்டி கிடைப்பதே இல்லையே?

இது உண்மையான குறை. நியாயமான குறையும் கூட. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாட்கள் தண்ணீர் விடப்படுகிறது. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் 45,000 ஏக்கரில் நெல் நட்டவர்களுக்கெல்லாம் அறுவடை ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகிறது. பொங்கலை ஒட்டி டெல்டாவில் சம்பா அறுவடை தொடங்கியதும், தொடர்ச்சியாக வேலை கிடைக்கும் என்று நம் பக்கத்து வண்டிகள் லாரி ஏறிப் போய்விடுகின்றன. பின்தங்கி நட்டவருடைய வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கும்போது கூப்பிட்டால் வருவதற்கு வண்டி இருப்பதில்லை.

இதற்காக வாங்குவதாக இருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, யார் வயல் முதலில், மழை வந்தால் வரிசை எப்படி மாறும், உடைந்தால் யார் எவ்வளவு கொடுப்பது, ஒருவர் விலகினால் அவருடைய பங்கை எந்த விலைக்கு எடுத்துக்கொள்வது என்ற நான்கையும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மைத்துனர்கள் சேர்ந்து வாங்கிய வண்டி ஒன்று, மழை மேகம் கூடிய ஒரு மாலையில் யார் வயலுக்கு முதலில் போவது என்ற சண்டையில் இரண்டு நாள் சும்மா நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஐந்து பேருக்கும் சேர்த்து 40 ஏக்கர் இருந்தாலும் இரண்டு போகத்துக்கு 100 மணி நேரம்தான் ஆகிறது. மீதி 200 மணி நேரத்தை வெளியே ஓட்டித்தான் ஆக வேண்டும்.

பெல்ட் வண்டியா, டயர் வண்டியா?

நம் மாவட்டத்து நெல் வயல்களுக்குப் பெரும்பாலும் பெல்ட் வண்டிதான். இங்கே ஒரு வயல் என்பது முப்பது சென்ட், ஐம்பது சென்ட். நடுவில் வரப்பு, ஓரத்தில் தென்னை, மேலே மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி. பதினான்கு அடி கட்டர் பார் (பயிரை அறுக்கும் முன்பகுதி) உள்ள டயர் வண்டி அதில் திரும்புவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஈரம் காயாத வயலில் டயர் பதித்த பள்ளத்தை அடுத்த உழவில் சமன் செய்ய உங்களுக்குத்தான் செலவு. பெல்ட் வண்டி எடையைப் பரப்பி நிற்பதால் சேற்றிலும் இறங்கும். சுமார் இரண்டு மீட்டர் அகலம்தான் அறுக்கும் என்றாலும் சிறு வயலின் மூலைகளில் புகுந்து வெளியே வரும்.

டயர் வண்டிக்கும் இடம் உண்டு. காய்ந்த, பரந்த வயலில் அது வேகமாக அறுக்கும். தார்ச்சாலையில் தானே ஓடிப் போகும். பாகங்கள் எளிமையானவை என்பதால் உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்த்துவிடுவார். வைக்கோலும் ஒரு காரணம். ஸ்ட்ரா வாக்கர் (வைக்கோலை உதறி வெளியே தள்ளும் பகுதி) உள்ள டயர் வண்டியில் வைக்கோல் நீளமாக வெளியே வருகிறது. பெல்ட் வண்டிகள் பலவற்றில் தாள் முழுவதும் கதிரடிக்கும் நீண்ட டிரம்முக்குள் சுழன்று வருவதால் வைக்கோல் நொறுங்கிவிடுகிறது. கறவை மாடு வைத்திருப்பவர் இதை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

டிராக்டரில் பொருத்தும் வகை மூன்றாவது. சீசன் முடிந்ததும் கழற்றிவிட்டு டிராக்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். கழற்றி மாட்டுவதற்கு ஆளும் நாளும் வேண்டும் என்பதால், பெரும்பாலோர் ஒரு முறை மாட்டியதைக் கழற்றுவதே இல்லை.

மக்காச்சோளத்தையும் அதே வண்டியில் அறுக்கலாமா?

ஆத்தூர், தலைவாசல் பக்கம் நெல்லைவிட மக்காச்சோளம்தான் அதிகம் என்பதால் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். நிற்கும் மக்காச்சோளத் தட்டையிலிருந்து கதிரை ஒடித்து எடுப்பதற்குத் தனி முகப்பு வேண்டும். டிரம்மின் வேகத்தைக் குறைத்து, டிரம்முக்கும் அதன் அடியில் வளைந்திருக்கும் கான்கேவ் தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டி, சல்லடையையும் மாற்ற வேண்டும். நெல்லுக்கான முகப்பை வைத்தே மக்காச்சோளத்தையும் அறுத்துவிடலாம் என்று விற்பவர் சொன்னால், உங்கள் வயலில் ஒரு சால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மக்காச்சோளம்தான் முதன்மைப் பயிர் என்றால், பழைய பெல்ட் வண்டியை விட்டுவிட்டு, கதிரை ஆள் வைத்து ஒடித்து, அடிக்கும் மெஷினில் கொடுப்பதே இன்றைக்கும் பலருக்குக் கட்டுப்படியாகிறது.

ஏற்காடு மலையில் பயன்படுமா?

பயன்படாது. சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும்தான் முக்கியம். சரிவான நிலத்தில் இந்த வண்டிகளை இறக்குவது உயிருக்கு ஆபத்து. மலையடிவாரத்துச் சமநிலம் வேறு விஷயம்.

எந்தக் கம்பெனி வண்டி நல்லது?

பெல்ட் வண்டிகளில் கிளாஸ் கிராப் டைகர், குபோட்டா, யன்மார் ஆகியவையும், டயர் வண்டிகளில் கர்தார், பிரீத், தஷ்மேஷ், ஸ்வராஜ், ஜான் டீர் ஆகியவையும் பழைய சந்தையில் கிடைக்கின்றன. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் எந்த வண்டிக்கு உதிரிபாகக் கடையும், அதைத் திறந்து பழகிய மெக்கானிக்கும் இருக்கிறார்களோ அதுதான் உங்களுக்கு நல்ல வண்டி. சந்தேகம் இருந்தால், வாங்கப் போகும் மாடலின் பெயரைச் சொல்லி அறுத்த தாளை உள்ளே இழுக்கும் ஃபீடர் சங்கிலி, டிரம் பல், ஒரு ரோலர் ஆகிய மூன்றையும் ஆத்தூரிலோ சேலத்திலோ உள்ள கடையில் விலை கேளுங்கள். "இருக்கிறது" என்று சொன்னால் வாங்கலாம்; "வரவழைத்துத் தருகிறேன்" என்று சொன்னால், அந்தப் பாகம் வரும்வரை உங்கள் வண்டி யாரோ ஒருவருடைய வயலில் நிற்கும்; நெல்லுக்குச் சொந்தக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரில் உள்ள எண்ணை நம்பலாமா?

அதைத் தனியாக நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் தேய்ந்த இரும்பை யாரும் அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. பெடலின் ரப்பர், ஸ்டியரிங் அல்லது லீவரின் கைப்பிடி, ஏறும் படியின் விளிம்பு, சங்கிலி ஓடும் ஸ்ப்ராக்கெட் பல் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் ஆகியிருந்தால், மீட்டர் 900 என்று காட்டினாலும் வண்டி அதைப் போலப் பல மடங்கு ஓடியிருக்கிறது.

புது பெயின்ட் அடித்த வண்டியில் கிரீஸ் செலுத்தும் சிறு முனைகளான நிப்பிள்களைத் தேடுங்கள். நான் ஒரு முறை ஒரு வண்டியின் அடியில் படுத்து, ஒவ்வொரு நிப்பிளாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஏழு நிப்பிள்களில் நான்கின் வாய், பெயின்ட்டால் மூடியிருந்தது; சுரண்டியபோது உள்ளே கல்லாக இறுகிய பழைய கிரீஸ்தான் வந்தது. பெயின்ட் அடிக்க நேரம் இருந்தவருக்குக் கிரீஸ் அடிக்க நேரம் இருக்கவில்லை. அந்த வண்டியை நான் வாங்கவில்லை.

என்ஜினை எப்படிச் சோதிப்பது?

விற்பவரிடம் நேரம் சொல்லாமல் போங்கள்; போனதும் என்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அது ஆறும்வரை டீ குடித்துக் காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆன பிறகும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பாரம் ஏறும்போது கரும்புகை கொட்டினால் காற்று வடிகட்டியோ, டீசல் பம்போ, நாசிலோ கெட்டிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளுகிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தாலே என்ஜின் உள்ளே கெட்டிருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ரேடியேட்டர் வலையில் நெல் தூசு அடைத்துக்கொண்டிருந்தால், அந்த வண்டி சூடேறி ஓடியிருக்கிறது என்று பொருள்.

பெல்ட் வண்டியில் அதிகச் செலவு வைக்கும் பாகம் எது?

இரண்டு. ஒன்று ரப்பர் பெல்ட்டும் அதன் ரோலர்களும். மற்றொன்று வண்டியை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் அடங்கிய ஹெச்.எஸ்.டி.

பெல்ட்டில் வெளிப்பக்கக் கட்டைகள் தேய்ந்திருப்பது ஓரளவு தாங்கும். வெடிப்பு வழியாக உள்ளே இருக்கும் இரும்பு நூல் தெரிந்தால் தாங்காது. ஈரம் இறங்கித் துருப்பிடித்து நடு வயலில் அறுந்துவிடும். ஒரு ஜோடி புது பெல்ட் மாற்றும் செலவு லட்சத்தைத் தொடும் என்பதால், பெல்ட்டின் நிலைமையை விலை பேசும்போதே கழித்துக்கொள்ள வேண்டும். ரோலர்களில் எண்ணெய் கசிந்த கறை இருந்தால் அதன் சீல் போய்விட்டது. கொஞ்ச நாளில் பேரிங்கும் போகும்.

ஹெச்.எஸ்.டி. பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். நானும் என் சித்தப்பாவும் முதன்முதலில் வாங்கிய பெல்ட் வண்டியை விடியற்காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தோம். முன்னும் பின்னும் பறந்தது. அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் தம்மம்பட்டிப் பக்கம் ஒரு வயலில், காலை பதினொரு மணிக்கெல்லாம் வண்டி தளர ஆரம்பித்தது. என்ஜின் சத்தம் அப்படியே இருக்க, வண்டி மட்டும் வரப்பு ஏற மாட்டாமல் நின்றது. அரை மணி நேரம் ஆற விட்டால் நகரும். பிறகு மறுபடி நிற்கும். பம்ப்பின் உள்பாகம் தேய்ந்திருந்தால், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை அழுத்தம் நிற்கும். சூடாகி நீர்த்ததும் உள்ளேயே கசிந்துவிடும். விற்றவர் விடியற்காலையில் எங்களை வரச் சொன்னதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த சீசன் முழுவதும் சம்பாதித்தது பம்ப்புக்கே போயிற்று.

அதனால் சோதனை ஓட்டத்தை நடு மதியத்தில், ஒரு மணி நேரமாவது பாரத்துடன் அறுத்த பிறகு செய்யுங்கள். அந்தச் சூட்டிலேயே தானியத் தொட்டி நிரம்பிய வண்டியை, கவிழும் அபாயம் இல்லாத ஒரு மண் சரிவில் நேராக ஏற்றிப் பாருங்கள். பிறகு கட்டர் பாரை உயர்த்தி, என்ஜினை நிறுத்தி, தரையிலிருந்து அதன் உயரத்தைக் குச்சியால் அளந்து வையுங்கள்; கால் மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சிலிண்டரோ வால்வோ கசிகிறது. அது கீழே இறங்காமல் தடுக்கும் பூட்டு மாட்டாமல் கட்டர் பாருக்கு அடியில் தலையை விடவே கூடாது.

கதிரடிக்கும் பகுதியில் எதைப் பார்க்க வேண்டும்?

பக்கக் கதவைத் திறந்து டிரம் பற்களைப் பாருங்கள். நெல்லை அடிக்கும் பக்கம் மட்டும் மழுங்கி, பின்பக்கம் கூராக இருந்தால், பல் தேய்ந்திருக்கிறது. இரண்டு மூன்று பற்கள் மட்டும் புதிதாக இருந்தால், கல்லோ இரும்போ உள்ளே போயிருக்கிறது. டிரம்மைக் கையால் சுற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தானியத்தை மேலே கொண்டு போகும் திருகான ஆகர் தேய்ந்திருந்தால், அதன் இலை விளிம்பில் காகிதம் போல் மெலிந்திருக்கும்; விரலால் தொட்டாலே தெரியும். தானியத் தொட்டியின் தரையில் ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று உள்ளே டார்ச் அடித்து, வெளியிலிருந்து பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் என்ஜினை நிறுத்தி, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது நெல் இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

நான்கு குச்சியும் சணல் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன் வயலில் வைத்து, தானாக உதிர்ந்து கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். வண்டி போன பிறகு, அது அறுத்த அகலத்தில் மூன்று இடங்களில் வைத்து, வைக்கோலை உதறி விலக்கி, பதரை விட்டுவிட்டு முற்றிய மணிகளை மட்டும் எண்ணிச் சராசரி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டியின் இழப்பு.

சதுர மீட்டருக்கு 100 மணி என்றால், ஒரு ஏக்கரான 4,047 சதுர மீட்டருக்கு நான்கு லட்சம் மணி. ஆயிரம் மணி 22 கிராம் எடையுள்ள ரகத்தில் அது சுமார் 9 கிலோ. 400 மணி கிடந்தால் 36 கிலோ. ஏறக்குறைய ஒரு 40 கிலோ சிப்பம் வயலிலேயே போகிறது. அதை உடனே வண்டியின் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகத்தைக் குறைத்து, பதரை ஊதித் தள்ளும் காற்றாடியின் காற்றைக் குறைத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் சல்லடையோ கான்கேவோ தேய்ந்திருக்கிறது. தொட்டியில் ஒரு கை நெல் அள்ளிப் பாருங்கள். உமி உரிந்த அரிசியும் உடைந்த மணியும் அதிகமாகத் தெரிந்தால் டிரம் வேகமாகச் சுற்றுகிறது அல்லது இடைவெளி குறைவாக இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நொறுக்கும் கலப்பும் சேர்ந்தால், அறுத்துக் கொடுத்த உங்களிடம்தான் விவசாயி வந்து கேட்பார்.

டீசலையும் அன்றே அளந்துவிடுங்கள். டேங்கை வாய்வரை நிரப்பி அறுத்து, மறுபடி வாய்வரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால் போதும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பதிவு செய்யப்பட்ட வண்டி என்றால் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவை வேண்டும். கடன் இருந்து முடிந்திருந்தால் ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான வங்கியின் படிவம் 35-உம், வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28-உம் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். பதிவே இல்லாத பெல்ட் வண்டி என்றால், முதலில் வாங்கியவரின் அசல் இன்வாய்ஸும், அதற்குப் பிறகு கைமாறிய ஒவ்வொரு விற்பனை ஒப்பந்தமும், கடன் பாக்கி இல்லை என்ற வங்கிக் கடிதமும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய வண்டிக்கு மானியம் கிடைக்குமா?

கிடைக்காது. வேளாண் இயந்திரமயமாக்கல் மானியம் புது இயந்திரங்களுக்கு மட்டும்தான்.

எப்போது வாங்கினால் விலை குறையும்?

டெல்டா சம்பா முடிந்து வண்டிகள் ஊர் திரும்பிய பிறகு, கோடைக்கு முன். கடன் தவணை கட்ட வேண்டியவர்கள் அப்போதுதான் விற்கிறார்கள். பழுது பார்க்கவும் உங்களுக்கு நாள் இருக்கும். ஆனால் ஓட்டிப் பார்க்க நெல் நிற்கும் வயல் வேண்டும் என்பதால், பின்பட்டத்து நெல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். வயலில் அறுத்துக் காட்ட மறுக்கும் வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். பேசிய விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் சீசன் பழுதுக்குத் தனியாக வைத்திருங்கள். கையில் பத்து லட்சம் இருந்தால் எட்டு லட்சத்துக்குள் வண்டி பாருங்கள்.

டிரைவரை எப்போது தேட வேண்டும்?

வண்டியைத் தேடுவதற்கு முன். நல்ல டிரைவர், காதில் விழும் சத்தத்தை வைத்தே ஃபீடரில் தாள் அடைப்பதை உணர்ந்து வண்டியை நிறுத்திவிடுவார். பழகாதவர் சங்கிலி அறுந்த பிறகுதான் நிறுத்துவார். வாங்கப் போகும்போதே அவரையும் அழைத்துப் போங்கள். அவர் ஓட்ட மாட்டேன் என்று சொல்லும் வண்டியை வாங்காதீர்கள். அடைப்பை எடுக்கும்போது என்ஜினை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஓடும் சங்கிலியில் கையை இழந்தவர்களை நம் ஊர்களிலேயே பார்க்கிறோம்.

சீசன் முடிந்ததும் எப்படி நிறுத்தி வைப்பது?

வைக்கோல் துணுக்கையும் ஒட்டியிருக்கும் சேற்றையும் காற்றடித்து, கழுவி, காய வைத்த பிறகு எல்லா நிப்பிள்களுக்கும் கிரீஸ் அடியுங்கள். கட்டர் பார் கத்திகளுக்கு எண்ணெய் தடவுங்கள். பெல்ட்டின் இழுவையைத் தளர்த்தி, வண்டியைக் கூரைக்குக் கீழே பலகையின் மேல் நிறுத்துங்கள். வெயிலில் நின்றால் ரப்பர் வெடிக்கும். பேட்டரியின் வயரைக் கழற்றிவிடுங்கள். எலிவேட்டரின் அடிக்கதவையும் ஆகரின் அடிக்கதவையும் திறந்து, உள்ளே தங்கிய நெல்லை ஒரு மணி விடாமல் துடைத்து, கதவுகளைத் திறந்தே வையுங்கள். நெல் இருந்தால் எலி வரும். வந்த எலி வயரையும் சேர்த்துக் கடித்துவிடும்.